கதவில் எழுதிய க.சி.

அத்தியாயம் 7

மச்சுத் தரை உளுத்துப் போயிருக்கிறது என்று நிரூபிப்பதற்காகத்தான் குதித்தேன். நிரூபணமாகிவிட்டது.

வலது கால் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. இடது கால் மேலே மடங்கிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் நான், பால்துரை, வயது முப்பத்தாறு, வீட்டின் குறையைக் காட்டி விலையைக் குறைக்க வந்த கெட்டிக்காரன்.

கீழே ஹாலில் நின்றவர்களுக்கு, ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை இல்லாத ஒரு கால் உச்சியிலிருந்து தொங்கிற்று.

"சேசுவே!" என்று அலறினார் வீட்டு புரோக்கர் பாஸ்கல்.

"ஏலே பால்துரை," என்றாள் கிருபாபாய் அக்கா, அலட்டிக்கொள்ளாமல். "செருப்பு தேஞ்சு ஓட்டையாக் கிடக்கேலே. வீடு வாங்குததுக்கு முந்தி ஒரு செருப்பு வாங்கு."

அக்கா என் முதலாளி. பத்திரப்பதிவு ஆபீசில் இருபது வருஷம் நகல் எழுதியவள். தூத்துக்குடியில் உள்ள வில்லங்கம் முழுவதும் அவள் பேனா வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த வேலையை விட்ட பிறகு மக்ரூன் கடை மாடியில் 'கிருபா விசாரணை நிலையம்' என்று போர்டு மாட்டினாள். நான் உதவியாளன். அதற்கு முன் பழைய துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். கொழும்புக்குப் போகவேண்டிய கருப்பட்டியை மாலத்தீவுக்கு அனுப்பினேன். அவர்கள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எப்போதும் ஊரான் கேஸ்தான் பார்ப்போம். அன்று நானே கட்சிக்காரன்.

புது ஹார்பர் திறந்த மறு வருஷம் அது. குட்டிச்சுவருக்குக்கூடப் போட்டி. இந்த வீடு குட்டிச்சுவரைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். கடலிலிருந்து வெட்டி எடுத்த முருகைக்கல்லில் கட்டியது. சுவர் உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மேலே மொட்டைமாடி மட்டப்பாவில் ஓர் ஆலங்கன்று, எங்களைவிட உரிமையோடு குடியிருந்தது. வாங்கினால் பாதியை இடித்துக் கட்டவேண்டும். வாங்காவிட்டால் என் கைக்கு எட்டுகிற விலையில் இந்த ஊரில் இனி வீடே கிடையாது.

வீடு எனக்காக இல்லை. என் மனைவி ஜெயசெல்வி சாத்தான்குளத்தில் டீச்சர். மூன்று வருஷமாகத் தன் அக்கா வீட்டில் இருந்துகொண்டு வேலை பார்க்கிறாள். 'சொந்தமாக வீடு பார்க்கிறேன், வாங்கினால் வருவாயா?' என்று வருஷத்துக்கு நாலு கடிதம் போடுவேன். பதிலும் நாலு வரும். 'வருவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கர்த்தருக்குச் சித்தமானால்' என்று முடியும். வருவேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. கர்த்தர் மேல் எனக்கு லேசாக வருத்தம் உண்டு. உலகத்தை ஆறு நாளில் படைத்தவர் என் விஷயத்தில் மட்டும் மூன்று வருஷமாக யோசிக்கிறார்.

"அண்ணாச்சி, அசையாதிய. ஏணி எடுத்துட்டு வாரேன்," என்று கீழேயிருந்து பாஸ்கல் குரல் கொடுத்தார். "ஆனா ஒண்ணு சொல்லிருதேன். இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அட்வான்ஸ் தந்தா வீடு உங்களுக்கு. இல்லன்னா நாளைக் காலையில இன்னொரு பார்ட்டி பணத்தோட வாராவ."

எல்லாப் புரோக்கருக்கும் இன்னொரு பார்ட்டி உண்டு. ரொம்ப நல்லவர். எப்போதும் நாளைக் காலையில்தான் வருவார். யாரும் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. இவர் உண்மையா, பாஸ்கலின் கற்பனையா என்று கண்டுபிடிக்கத்தான் அக்காவைக் கூட்டி வந்திருந்தேன். உண்மை என்றால் இன்றே வாங்கவேண்டும். கற்பனை என்றால் இன்னும் நாலு பலகையில் குதித்து விலையைக் குறைக்கலாம்.

தொடைவரை புதைந்து கிடந்ததால் என் கண் தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில் இருந்தது. நிற்கிற மனிதன் பார்க்காத இடத்தை அது பார்த்தது. எதிரே மச்சறைக் கதவு. அதன் அடிப்பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸால் இரண்டு வரி.

'உள்பக்கம் கொண்டி 2. மேலே 1, கீழே 1.
14-க்குள் முடிக்க. க.சி.'

"அக்கா! இன்னொரு பார்ட்டி கெடைச்சாச்சு!"

"மொதல்ல உன் கால் கெடைக்கட்டும்லே."

அக்கா ஏறி வந்தாள். பலகையில் மிதிக்காமல், கீழே பனஞ்சட்டம் ஓடுகிற வரிசையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். குனிந்து கதவை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அதைச் சொல்லாமல், 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்பாரே, அந்தப் பார்வை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியாலே?"

என்னை உருவி எடுத்தபோது ஒரு முழப் பலகையும் கூடவே வந்தது. அக்கா அதற்குள் வீடு முழுவதும் சுற்றிவிட்டாள். ஏழு கதவு. ஏழிலும் அதே எழுத்து, தாழ்ப்பாள் கொண்டிக்கு அதே கணக்கு.

"யாரு எழுதினது பாஸ்கல்?"

"அந்தப் பார்ட்டிதான். பேரைச் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாவ. மூணு தடவை வந்தாவ. ஒவ்வொரு கதவா ஆட்டிப் பார்த்தாவ, குசினியில அடுப்பைப் பார்த்தாவ, எழுதினாவ, போய்ட்டாவ. அவ்வளவுதான் தெரியும் எனக்கு."

"எனக்கு அதுக்கு மேல தெரியும்," என்றேன், முழங்காலில் எச்சில் தடவிக்கொண்டே. "க.சி. ஏற்றுமதிக்காரன். துறைமுகத்துல ஒவ்வொரு வியாபாரிக்கும் மூட்டை மேல ரெண்டு எழுத்து, நடுவுல புள்ளி. எட்டு வருஷம் நான் பார்த்த எழுத்து. ஒரு கதவுக்கு உள்பக்கம் ரெண்டு கொண்டி எதுக்கு? உள்ள சரக்கு இருக்கு. வாட்ச், நைலான் சேலை. அக்கா, இவன் கடத்தல்காரன்!"

"அப்படியா? ஆளு யாருன்னு தோணுது?"

"திரேஸ்புரத்துல கருவாடு ஏத்துமதி பண்ணுத சீனித்தாய் ஆச்சி. இனிஷியல் க."

"வா, கேட்டுருவோம்," என்றாள் அக்கா. அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். துப்பறியும் நிலையத்தில் வேலை பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராமல் இருப்பதும் ஒரு திறமை.

திரேஸ்புரத்தில் சீனித்தாய் ஆச்சி நெத்திலிக் கருவாட்டு மலைக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காக்கைகளைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னலே நொண்டுத?"

"வீடு கடிச்சிட்டு ஆச்சி."

"வீடு கடிக்கும்லே. வாங்கினவனைக் கேளு."

விஷயத்தைச் சொன்னேன். க.சி. என்றதும் அவள் பின்னாலிருந்த மூட்டையைக் காலால் உருட்டிக் காட்டினாள். தாரில் எழுதியிருந்தது: க.சீ.

"நான் நெடில். நீ சொல்லுதது குறில். குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் தெரியாமயா இவ்வளவு காலம் மூட்டை எண்ணின?"

"அதனாலதான் வேலை போச்சு ஆச்சி."

"எதால எழுதியிருக்கு?"

"மஞ்ச சாக்பீஸ்."

"நான்னா கரிக்கட்டையால எழுதுவேன். கொத்தன்னா பென்சில். சாக்பீஸு எவன் மடியில இருக்கும்?" ஆச்சி ஒரு காக்கையை விரட்டிவிட்டு அக்காவைப் பார்த்தாள். "கூடவே இருக்கியே, நீயாவது சொல்லக்கூடாதா?"

நான் சிரித்தேன். "அப்போ கடத்தல்கார வாத்தியார்! பகல்ல திருக்குறள், சாயந்தரம் டிரான்சிஸ்டர்!"

யாரும் சிரிக்கவில்லை. காக்கைகூட.

திரும்பும்போது கடற்கரை ஓரமாக நடந்தோம். அக்கா வழக்கத்துக்கு மாறாக மெதுவாக நடந்தாள், என் காலுக்காக என்று நினைத்தேன்.

"பாஸ்கல் பேசினதுல ஒண்ணைக் கவனிச்சியாலே?"

"பேரைச் சொல்லலை."

"அதில்ல. வந்தாவ, பார்த்தாவ, போய்ட்டாவ. அந்த ஆளு ஒவ்வொரு பார்ட்டியையும் அண்ணாச்சிம்பான். ஆம்பளையா இருந்தா, அண்ணாச்சி வந்தாருன்னு ஒரு தடவையாவது வாய் தவறியிருக்கும். தவறலை. அவுக, இவுகன்னு மரியாதைக்குள்ள ஒளிச்சு வைக்கான்."

"பொம்பளையா?"

"கொண்டியை யோசி. ஆம்பள வீடு பார்க்க வந்தா மட்டப்பாவைப் பார்ப்பான், வாசல் திசையைப் பார்ப்பான். அறிவிருக்கவன் தட்டிப் பார்ப்பான், இல்லாதவன் குதிப்பான். எல்லாக் கதவுக்கும் உள்பக்கம் ரெண்டு கொண்டின்னு மொதல்ல கேக்குதது யாரு? ஒரு தடவை கொண்டி இல்லாம கஷ்டப்பட்டவ."

எனக்குள் எங்கோ ஒரு கதவு ஆடிற்று. அதைக் கவனிக்காமல், "அப்போ கடத்தல்காரி," என்றேன். சொல்லும்போதே அது நல்ல ஜோக் இல்லை என்று தெரிந்தது.

கடைத்தெருவில் ராஜதுரை அண்ணாச்சியின் இரும்புக்கடை. பழைய கதவுக்கு ஏற்ற கனத்த கொண்டி இந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் கிடைக்கும்.

"அண்ணாச்சி," என்றாள் அக்கா. "பதினாலாந் தேதிக்குள்ள யாரும் பதினாலு கொண்டி கேட்டிருக்காவளா?"

"கேட்டிருக்காவளே. டீச்சரம்மா. இப்பத்தான் ரெண்டை மட்டும் எடுத்துட்டுப் போறாவ, கதவுல வச்சு அளவு பாக்கணுமாம். சாத்தான்குளம் பஸ்ஸுல சனிக்கிழமைக்கு சனிக்கிழமை வாராவ." அண்ணாச்சி பாராட்டுகிற மாதிரித் தலையை ஆட்டினார். "கெட்டிக்காரவ. ஆணி கூட அவுகளே பொறுக்கி எடுக்காவ. புருஷன் இருந்தா இப்படியா அலைய விடுவான்? பாவம்."

"சாத்தான்குளத்துல நூறு டீச்சர் இருப்பாவ," என்றேன்.

"இருப்பாவ," என்றாள் அக்கா. பிறகு கையை நீட்டினாள். "உன் பையில ஒரு கடுதாசி வச்சுக்கிட்டே அலைவியே, அதை எடு."

இன்லண்ட் லெட்டர். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோனது.

"கடைசி வரியை வாசி."

"வருவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கர்த்தருக்குச் சித்தமானால்."

"உன் வாய்ல உள்ளதை வாசிக்காத. பேப்பர்ல உள்ளதை வாசி."

பார்த்தேன். பேப்பரில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' இல்லை. இடம் போதாத மூலையில் இரண்டே எழுத்து, இரண்டு புள்ளி. க.சி.

நான் இந்தப் பக்கத்து வேதக்கார ஊரான நாசரேத்தில் பிறந்தவன். கல்யாணப் பத்திரிகையில் க.சி., சர்ச் கன்வென்ஷன் நோட்டீசில் க.சி., என் அப்பா பஸ் ஏறும் நேரத்தை எழுதினால்கூட அதன் பின்னால் க.சி. பார்த்துப் பார்த்து, கண் அந்த எழுத்துகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. வாய்தான் முழுசாகச் சொல்லிக்கொள்ளும். மூன்று வருஷத்தில் பன்னிரண்டு கடிதம். பன்னிரண்டையும் மனப்பாடமாகச் சொல்வேன். ஒன்றையும் பார்த்ததில்லை. அதே எழுத்து ஒரு கதவில் இருந்தபோது எனக்கு மூட்டை ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"மச்சுலயே. அந்தக் கடுதாசியை எனக்கும் காட்டியிருக்கியே. நானும் நாசரேத்துக்காரிதானலே."

"பெறகு எதுக்கு இந்த நொண்டிக்காலை வச்சு திரேஸ்புரம் வரைக்கும் இழுத்துட்டுப் போனிய?"

"நான் நகல் எழுதினவ. மூலத்தோட ஒத்துப் பார்க்காம கையெழுத்துப் போடமாட்டேன்." அக்கா கடிதத்தை மடித்து, கிழிசல் பெரிதாகாமல், என் சட்டைப் பைக்குள் வைத்தாள். அங்கே அட்வான்ஸ் பணமும் இருந்தது. "நீயாக் கண்டுபிடிச்சா கொஞ்சம் வலி குறையும்னும் நெனச்சேன். நீ கடத்தல்காரனைக் கண்டுபிடிச்ச."

கொண்டி. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறினோம். ஏழாவது வீட்டில் வாசல் கதவுக்குக் கொண்டி உடைந்திருந்தது. நாளைக்குப் போடுகிறேன் என்று தினமும் சொன்னேன். ஒரு மழை நாள் மத்தியானம், நான் துறைமுகத்தில் இருந்தபோது, குடித்துவிட்டு வந்த எவனோ ஒருவன் வீடு மாறி எங்கள் கதவை மிதித்திருக்கிறான். ஜெயசெல்வி நாற்காலியை முட்டுக்கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கதவை முதுகால் தாங்கியிருக்கிறாள். நான் வந்ததும் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை அந்த நாற்காலியை விடவில்லை.

"ஏளா, அவன் உள்ள வந்திருந்தாலும் நம்ம வீட்டு நிலைமையைப் பார்த்துட்டு நாலணா போட்டுட்டுப் போயிருப்பான்," என்றேன்.

அடுத்த மாசம் அவள் சாத்தான்குளத்துக்கு மாற்றல் வாங்கினாள். ஏன் என்று கேட்டேன். கர்த்தருடைய சித்தம் என்றாள்.

நாங்கள் போனபோது மணி ஐந்தரை. ஜெயசெல்வி ஹாலில் நின்று, நான் போட்ட ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கொண்டி, ஒரு கையில் சாக்பீஸ். கொஞ்சம் இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது.

காலடி கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், கிழிந்த வேட்டியைப் பார்த்தாள், மறுபடி ஓட்டையைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"தரை உளுத்திருக்குன்னு…"

"அந்த மூணு பலகையும் உளுப்பு. போன வாரமே ஊசியால குத்திப் பார்த்து, ஓரத்துல குறிச்சு வச்சேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க அதைப் பார்க்கலையாக்கும்."

பாஸ்கல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சேசுவே, தெரிஞ்சவியளா? முப்பது வருஷமா இன்னொரு பார்ட்டி இருக்குன்னு பொய் சொல்லுதேன். நிஜமா இருந்தது இந்தத் தடவைதான். அதுவும் ரெண்டு பக்கமும்."

"என் வீட்டுக்காரர்," என்றாள் ஜெயசெல்வி, அது ஓர் ஊர்ப்பெயர் போல.

அக்கா என் காதருகே வந்தாள். "ஆறு மணி வரைக்கும் வீடு உன் கையிலதான்லே. வாங்கணுமா வேண்டாமான்னுதானே என்னைக் கூப்பிட்ட? இப்ப முடிவு சொல்லு."

என் கையில்தான் இருந்தது. பையில் இருக்கிற பணத்தைப் பாஸ்கல் கையில் வைத்தால் போதும். ஏழு கதவும், அவள் எழுதிய எழுத்தோடு, என்னுடையது. பதினாலு கொண்டியும் நானே மாட்டலாம். மூன்று வருஷத்துக்குப் பிந்தி என்றாலும் ஒரு காரியத்தைச் செய்தவன் ஆகலாம். பிறகு அவள் எங்கே வீடு பார்ப்பாள்? இன்றோடு நாலு சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஊசியால் குத்தி, அடுப்பைப் பார்த்து, ஆணி பொறுக்கினவள்.

"பாஸ்கலண்ணே," என்றேன். "நான் வாங்கலை. டீச்சருக்கே முடிச்சுருங்க. ஓட்டை விழுந்த வீடுன்னு சொல்லி ஓனர்ட்ட விலையைக் குறைச்சுப் பேசுங்க. சாட்சி வேணும்னா என் முழங்கால் இருக்கு."

ஜெயசெல்வி கதவருகே போய்க் கொண்டியை வைத்து அளவு பார்த்தாள். சரியாக இருந்தது. மஞ்சள் சாக்பீஸால் ஒரு டிக் போட்டாள்.

என் வாயில் மூன்று ஜோக் வந்து நின்றன. ஒன்று நன்றாகவே இருந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

"ஏளா செல்வி. பன்னெண்டு கடுதாசியில கேட்டதை நேர்ல கேக்கேன். நீ குடி வந்த பெறகு, இந்த வீட்டுக்கு நான் வரலாமா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது.

"வேண்டாம். நீங்க இங்கன வரவேண்டாம். நானும் இனி அங்கன வரமாட்டேன்."

பின்னால் இரண்டு எழுத்து வரும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் அவ்வளவுதான் சொன்னாள்.